மாட்டுவண்டி துரைராஜும் விண்வெளி ஏணியும்

நெய்வேலியில் எதற்கும் அவசரம்தான். மண்ணுக்கடியிலிருந்து நிலக்கரி வந்துகொண்டே இருக்க வேண்டும், பாய்லர்கள் அதைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மெஷின் படுத்துவிட்டால் மூன்று ஷிஃப்ட்டும் தலையில் கை வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், எதையும் ஆற அமரத்தான் செய்வேன் என்று அடம்பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார். பெயர் துரைராஜ். பெரிய ஒர்க்ஷாப்பில் கலாசி. பளுவான சாமான்களுக்குக் கம்பிக்கயிறு கட்டுவது, கொக்கி மாட்டுவது, கீழே நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுவது, இவைதான் கலாசியின் வேலை.

வடலூர் பக்கம் குடியானவக் குடும்பம். சுரங்கத்துக்கு நிலம் போன வகையில் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் அண்ணாந்து பார்த்தது அந்தக் கிரேனைத்தான். ஷெட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை குறுக்கே கிடந்த இரும்புப் பாலம், இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் உருண்டு, ஷெட்டின் நீளம் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தது. பாலத்தின் அடியில் ஒரு கண்ணாடிக் கேபின், அதற்குள் ஒரு ஆள். அந்தக் கேபினில் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்யவில்லை என்று அவர் மனைவி விருத்தாம்பாள் பிற்காலத்தில் சொல்லிக் காட்டுவாள்.

பழகினார், பரீட்சையும் தேறினார். ஆபரேட்டர் லீவு போட்ட நாட்களில் மாற்று ஆளாகக் கேபினில் ஏற்றினார்கள். அங்கேதான் வந்தது வினை. சாமான் ஒரு துளி ஆடினாலும் அவர் இறக்க மாட்டார். ஆட்டம் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நின்ற பிறகு கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டுவார், பார்ப்பார், இன்னொரு தட்டுத் தட்டுவார். கீழே நிற்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும். யாரோ 'மாட்டுவண்டி' என்று பேர் வைத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது. அவர் கையில் ஒரு சாமான்கூடக் கீறல் பட்டதில்லை என்பதையும் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கீறல் படாததற்கெல்லாம் நெய்வேலியில் யார் கைதட்டப் போகிறார்கள்?

ஃபோர்மேன் கருணாகரன் கோயம்புத்தூர்க்காரர், நின்றுகொண்டே டிபன் சாப்பிடுகிறவர். ஒரு மழைக்காலத்தில் சுரங்கத்து மெஷினின் கியர்பாக்ஸ் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. ஷிஃப்ட்டே அண்ணாந்து நின்றது. துரைராஜ் ஆட்டம் நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். கருணாகரனுக்குப் பொறுமை போய்விட்டது. "இறங்குய்யா கீழே" என்று கத்தி, சிங்காரவேலு என்ற இன்னொரு ஆளை மேலே ஏற்றினார். சிங்காரவேலு சுறுசுறுப்பானவர், இரண்டே இழுப்பில் கியர்பாக்ஸை இறக்கிவிட்டார். அன்று முதல் மாற்று ஆபரேட்டர் சிங்காரவேலு. துரைராஜ் பழையபடி கீழே நின்று அவருக்குக் கை காட்டினார்.

அடங்கி ஒடுங்கிப் போகிற ஆளில்லை நம் துரைராஜ். கேன்டீனிலும் பஸ்ஸிலும் எவர் காதாவது கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "அவனுங்க ஓட்றது கிரேன் இல்லீங்க, ஊஞ்சல்" என்பார். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னாலும் இதே பாட்டுத்தான். கேபினையே கட்டிக்கொண்டு குடித்தனம் பண்ணியிருக்கலாமே என்று விருத்தாம்பாள் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள்.

எண்பத்தாறாம் வருஷம் பழைய ஆபரேட்டர் ரிட்டயர் ஆகிற நேரம் வந்தது. கேபின் நிரந்தரமாகக் காலியாகப் போகிறது. சிங்காரவேலுவுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். துரைராஜுக்கும் தெரியும். இது கைவிட்டுப் போனால் தான் ரிட்டயர் ஆகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அந்தப் புரட்டாசியில் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. அப்போதுதான் பெங்களூரிலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

சந்திரகலா அந்நியம் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆபீஸில் வேலை பார்த்த ஒருவருடைய மகள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். படித்து, இப்போது செயற்கைக்கோள் செய்கிறவர்களோடு என்ஜினியராக இருந்தாள். வருஷம் முழுக்க உள்ளே விடாத ஒர்க்ஷாப்பில், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குடும்பத்தோடு போய்ச் சுற்றிப் பார்க்கலாம். சின்ன வயதில் கையில் பொரிப் பொட்டலத்தோடு அந்த ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியது அவளுக்கு நினைவிருந்தது. தூணே குறுக்கிடாத அவ்வளவு நீளமும், மேலே ஒரு கிரேனும் அவளுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அவளும் கூட வந்த இரண்டு பேரும் கொண்டுவந்த பெட்டி ஒரு பீரோ அளவுதான். உள்ளே பென்சில் கனத்துக் குழாய்கள், மடித்து மடித்து அடுக்கியிருந்தன. ஒரு சின்ன மோட்டார் ஓடினால், மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்து, இரண்டு பஸ் நீளத்துக்கு ஒரு சட்டகம் வெளியே நீளும். வானத்தில் அதன் நுனியில் பெரிய ஆன்டெனாவை மாட்டுவார்களாம். ஒர்க்ஷாப்காரர்கள் பார்த்தார்கள், ஏணி மாதிரி இருந்தது, 'ஏணி' என்றே கூப்பிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், மேலே போனால் ஏணிக்கு எடை கிடையாது. பூமியில் உண்டு. தாங்காமல் நீட்டினால் தன் எடையிலேயே ஒடிந்து விழும். ஆனால் மேலே அனுப்புவதற்கு முன் இங்கேயே ஒரு முறை விரித்துப் பார்க்காமல் யார் அனுப்புவார்கள்? அதனால் எடையே இல்லாதது மாதிரி அதைத் தொங்கவிட வேண்டும். ஷெட்டின் நீளத்துக்கு, கேபினுக்குச் சற்றுக் கீழே, ஒரு எஃகுக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். அதில் எலுமிச்சம்பழம் பருமனில் சின்னச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு நூல்கம்பி, ஏணியின் ஒவ்வொரு மூட்டுக்கும். ஏணி நீள நீள, சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு கூடவே போகும். நுனி மட்டும் கனம் அதிகம், அதைக் கிரேன் கொக்கியில் ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிட்டார்கள். நுனி நகர்கிற அதே வேகத்தில் கிரேனும் நகர வேண்டும். முந்தினால் இழுக்கும், பிந்தினால் தடுக்கும். எது நடந்தாலும் குழாய் வளையும்.

அந்த வேகம் எறும்பு ஊர்கிற வேகம். சிங்காரவேலு பூஜைக்கு முந்தின நாளே கேபினில் ஏறி, வெறும் மணல் மூட்டையை மாட்டி ஒத்திகை பார்த்தார். கைப்பிடியை வேகத்தின் முதல் படிக்குத் தள்ளியதும் கிரேன் குதித்தது, மூட்டை ஊசலாடியது. திரும்பப் பார்த்தார், திரும்ப ஊசலாடியது. மூன்றாவது முறை அவருக்கே கோபம் வந்துவிட்டது. இது டன் கணக்கில் தூக்குகிற கிரேன், பூ கட்டுகிற கிரேன் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். சந்திரகலாவின் முகம் வாடிப் போயிற்று. ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் மெஷின்கள் நிற்கிற இரண்டு நாள்தான் ஏணியை மாட்டி விரிக்க அவளுக்கு ஷெட்டைக் கொடுத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் சுரங்கத்திலிருந்து வேலை வந்து குவிந்துவிடும்.

கருணாகரன் தாடையைச் சொறிந்தார். பிறகு, வேண்டா வெறுப்பாக, அந்த மாட்டுவண்டியைக் கூப்பிடு என்றார்.

துரைராஜ் ஏறினார். தட்டினார், பார்த்தார், தட்டினார். மூட்டை நகர்வதே தெரியவில்லை, ஆனால் தரையில் போட்ட சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஊசலாட்டம் என்ற பேச்சே இல்லை. சந்திரகலா மூச்சை விட்டாள். கருணாகரன் அன்று சாயங்காலம் துரைராஜைத் தனியே கூப்பிட்டு, இதை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் நிரந்தர ஆபரேட்டருக்கு அவர் பேரையே எழுதுவதாக வாக்குக் கொடுத்தார். துரைராஜுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் விருத்தாம்பாளிடம் இரண்டு முறை சொன்னார், மூன்றாவது முறை பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூர்க்காரர்கள் எல்லாவற்றையும் மாட்டி, சரிபார்த்து, ஏணியை யாரும் தொடக்கூடாது என்று நாலு தரம் சொல்லிவிட்டு, கெஸ்ட் ஹவுஸுக்குக் குளிக்கப் போனார்கள். ஒர்க்ஷாப் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. லேத்துக்கெல்லாம் மாலை, ஸ்பானருக்கெல்லாம் பொட்டு. வருஷா வருஷம் சந்தனக் கிண்ணத்தைத் தூக்குவது துரைராஜ்தான். அந்த வேலையை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு உளிகூட வெறும் நெற்றியோடு இருக்கக் கூடாது, இருந்தால் அந்த வருஷம் அது யார் கையையாவது பதம் பார்க்கும் என்பது அவர் நம்பிக்கை. கிரேன் கொக்கிக்கு வைத்தார், கேபின் கதவுக்கு வைத்தார், கைப்பிடிக்குப் பெரிய பொட்டாக வைத்தார். திரும்பினால், கேபின் படிக்கட்டுப் பக்கத்தில், கம்பியில் வரிசையாக ஒட்டி நின்றன அந்தச் சின்னச் சக்கரங்கள். ஏணி மடங்கியிருந்ததால் எல்லாம் ஒரே இடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன.

நாளைக்கு வானத்துக்கே வழி பண்ணப் போகிற சாமான். அதற்கு மட்டும் பொட்டு இல்லையா? தொடக்கூடாது என்றது ஏணியைத்தானே, சக்கரத்தை இல்லையே என்று அவர் மனசு நியாயம் பேசியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும், ஒன்று விடாமல், கட்டைவிரலால் அழுத்தமாகச் சந்தனம் வைத்தார், மேலே குங்குமம் வைத்தார். மனசு நிறைந்துபோய் இறங்கி வந்தார்.

விஜயதசமி காலையில் ஷெட் நிறைய ஜனம். பட்டுப்புடவைகளும் பொரிப் பொட்டலங்களுமாக டவுன்ஷிப்பே தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஜெனரல் மேனேஜர் வந்திருந்தார். விருத்தாம்பாளும் வந்திருந்தாள். துரைராஜ் கேபினில் உட்கார்ந்து கும்பிட்டார். கீழே சிங்காரவேலு கை காட்ட நின்றார். சந்திரகலா தலையசைத்ததும் மோட்டார் முனகியது.

பெட்டியிலிருந்து முதல் மடிப்பு வெளியே வந்து நிமிர்ந்தது. இரண்டாவது வந்தது. துரைராஜ் தட்டினார், பார்த்தார், தட்டினார். நுனியும் கிரேனும் கைகோத்து நடப்பதுபோலப் போயின. நான்காவது மடிப்பு பாதி விரிந்தபோது ஏணி ஒரு பக்கமாக நெளிந்தது. மோட்டார் முக்கியது. சந்திரகலா கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது.

மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் சந்திரகலா நிமிர்ந்து, ஜெனரல் மேனேஜரிடமும் கருணாகரனிடமும் சொன்னாள். மோட்டாருக்குத் தள்ளும் சக்தி போதவில்லை போலிருக்கிறது, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும், அடுத்த வருஷம் அனுமதி கிடைத்தால் வருகிறோம் என்றாள். மெஷின் ஓடாத ஷெட்டில் அது கேபின் வரை கேட்டது. கிரேன் மேல் ஒரு குறையும் இல்லை, இப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை என்றும் சொன்னாள். கருணாகரன் மேலே பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கேபின் உனக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

துரைராஜ் அதை அரைகுறையாகத்தான் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரங்களை. கீழே இருப்பவர்களுக்கு அவை புள்ளிகள். அவருக்கோ கண்ணுக்கு நேரே. முதல் மூன்றும் எப்படியோ உருண்டு தள்ளித் தள்ளி நின்றன. நான்காவது நகரவே இல்லை. அதன் நூல்கம்பி சாய்வாக இழுபட்டு நின்றது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில், ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய மஞ்சள் கோடு.

அவர் தன் கட்டைவிரலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பெட்டி பெங்களூருக்குப் போய்விடும். சக்கரங்களைக் கழற்றித் தானே ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஒரு குருவிக்கும் தெரியாது. கேபின் கிடைத்துவிட்டது, அதுவும் ஜெனரல் மேனேஜர் எதிரிலேயே. வாயைத் திறந்தால், இத்தனை வருஷம் கேட்டது கைக்கு வந்த நிமிஷத்திலேயே போய்விடும். தன் வாழ்க்கையில் அதைப்போல ஒரு ஆத்திரம் தன் மேலேயே வந்ததில்லை என்று பின்னால் சொல்லியிருக்கிறார். கீழே அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை மடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லாத கோளாறைத் தேடி மாசக் கணக்கில் அந்த மோட்டாரைப் பிரித்துப் போடப் போகிறாள்.

அன்றைக்குத்தான் துரைராஜ் படிக்கட்டில் தடதடவென்று ஓடி இறங்கியதை ஒர்க்ஷாப் பார்த்தது.

"மோட்டார்ல ஒண்ணுமில்லீங்கம்மா. மடிக்காதீங்க. நேத்து சாயங்காலம் அந்தச் சின்ன சக்கரத்துக்கெல்லாம் நான்தான் சந்தனம் வெச்சேன். அது காஞ்சி புடிச்சிகினு இருக்குது. மேலருந்து பாத்தா நல்லாத் தெரியுதுங்க."

கருணாகரனின் காது சிவந்தது. "தொடாதேன்னு சொன்னாங்களா இல்லையா?"

"ஏணியத் தொடாதன்னாங்க சார். ஏணிய நான் தொடலீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கருணாகரன் சிரிக்கவில்லை. கேபினை மறந்துவிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். விருத்தாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரைராஜ் தலையைக் குனிந்து நின்றார், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சந்திரகலா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு படிக்கட்டேறினாள். நான்காவது சக்கரத்தை நகத்தால் சுரண்டினாள், மோந்து பார்த்தாள். இறங்கி வரும்போது முகம் மாறியிருந்தது.

"மோட்டார் நல்லாயிருக்கு. நீங்க சொல்லலைன்னா பெங்களூர்ல இந்த வேலையையே ஊத்தி மூடியிருப்பாங்க, அண்ணாச்சி" என்றாள். சாயங்காலத்துக்குள் கழுவி மாட்ட முடியுமா என்று கேட்டாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. அந்த ஒர்க்ஷாப்பின் அவசரம் முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. சக்கரங்களைக் கழற்றினார்கள், பெட்ரோலில் ஊறப்போட்டார்கள், வேஸ்ட் காட்டனாலும் ஊசியாலும் ஒவ்வொரு அச்சாகத் துடைத்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தை விஜயதசமிக்கே சுரண்டி எடுத்த ஒரே ஒர்க்ஷாப் அதுவாகத்தான் இருக்கும். கூட்டமும் வீட்டுக்குப் போகவில்லை. கேன்டீனில் சுண்டல் தீர்ந்து, மறுபடி வேகவைத்தார்கள். ஆள் மாற்றச் சொன்னார் கருணாகரன், சிங்காரவேலுவைக் கேபினுக்குப் போகச் சொன்னார்.

சிங்காரவேலு அசையவில்லை. "என்னால ஆவாது சார். இது அவரு கைக்குத்தான் அடங்கும். நான் கீழ நின்னு கை காட்றேன்."

துரைராஜ் அவரை ஏறிட்டுப் பார்த்தார். எத்தனை வருஷம் இந்த ஆளை ஊஞ்சல்காரன் என்று ஊர் பூராவும் சொல்லித் திரிந்திருக்கிறார்! மேலே ஏறினார்.

மோட்டார் மறுபடி முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது சக்கரம் அசைந்தது, உருண்டது. ஜனங்கள் ஆவென்று மூச்சை இழுத்தார்கள். பாதி ஷெட் கடந்தது. ஏணி நூல் பிடித்தாற்போல நேராக, தரையைத் தொடாமல், அந்தரத்தில் நீண்டுகொண்டே போயிற்று. கருணாகரன் கயிற்றுக்குள் புகுந்து, நுனிக்குப் பக்கத்திலேயே நடந்துவந்தார். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த சிங்காரவேலுவின் காதில் விழுந்தது.

"மெதுவா, துரைராஜு. மெதுவாப்பா. அவசரமே இல்ல."

கடைசி மடிப்பு விரிந்து டக்கென்று பூட்டிக்கொண்டது. துரைராஜ் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினார். கிரேன் நின்றது. கொக்கி ஆடவில்லை, ஸ்பிரிங் ஆடவில்லை, ஏணி ஆடவில்லை. சந்திரகலா ஏணியின் நீளம் முழுக்க நடந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள், கடைசி மூட்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். அதற்கப்புறம் ஷெட்டில் எழுந்த சத்தத்தில் தகரக்கூரை அதிர்ந்தது. விருத்தாம்பாள் யாரென்றே தெரியாத ஒரு அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தன் வீட்டுக்காரர்தான் மேலே இருக்கிறார் என்பதை ஒருத்தர் விடாமல் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் துரைராஜும் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷம்தான். அதோடு, இந்தக் கேபினில் இதுதான் கடைசி என்ற எண்ணமும்.

மறுநாள் காலை ஷிஃப்ட். பெங்களூர்ப் பெட்டி விடியுமுன்பே லாரி ஏறிவிட்டது. சுரங்கத்திலிருந்து டிரெய்லரில் ஒரு பெரிய கியர்பாக்ஸ் வந்து நின்றது. துரைராஜ் வழக்கம்போலக் கம்பிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லர் பக்கம் போனார். கருணாகரன் எதிரே வந்து நின்றார். முந்தின நாள் கோபம் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. துரைராஜின் தோளிலிருந்த கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"பக்கத்து ஷெட் கிரேனுக்குச் சிங்காரவேலு போறான். இங்க மேல ஆள் இல்லாம இது தானா இறங்குமாய்யா?"

துரைராஜுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினார், கேபின் கதவைச் சாத்திக்கொண்டார். கியர்பாக்ஸ் தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு துளி ஆடியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஷிஃப்ட் முழுக்க அண்ணாந்து நின்றது. கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்தார், கியர்பாக்ஸைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.